நெசவுக்காரன் கண்ட சிவப்பு

நூலுக்குள் பிறந்து நூலுக்குள் வளர்ந்தவனுக்கு நூலையே காட்டிப் பரீட்சை வைத்தால் அவன் சிரிக்காமல் என்ன செய்வான்? டாக்குத்தர் மேசையில் சுருள் சுருளாகக் கொட்டிய கம்பளி நூல் கழிகளைக் கண்டதும் முனாபுக்கு அப்படித்தான் சிரிப்பு வந்தது. காத்தான்குடியில் அவனுடைய குழித்தறிக்குப் பக்கத்தில் கிடக்கும் கூடையை யாரோ தூக்கிவந்து இந்தப் புளியந்தீவு றெயில்வேக் கந்தோரில் கவிழ்த்துவிட்டது போல இருந்தது.

மட்டக்களப்புக்கு றெயில் வந்து ஐந்தாறு வருஷம்தான். றெயிலுக்குச் சிக்னல் காட்டும் கைகாட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பின்னேர வகுப்பில் அவனுக்கு இங்கிலீசு படிப்பிக்கும் நல்லரத்தினம் மாஸ்டர் மனு எழுதிக் கொடுத்திருந்தார். வாசிப்பில் தேறினான், எழுத்தில் தேறினான், நெஞ்சளவும் போதுமாக இருந்தது. மிச்சம் இந்தக் கண் பரீட்சை ஒன்றுதான். டாக்குத்தர் ஒரு கழியைத் தனியே வைத்தார். நிறத்தின் பேரைச் சொல்லவில்லை. இதோடு சேரக்கூடியதையெல்லாம் பொறுக்கி வை என்றார்.

முனாப் அவசரக்காரன் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போனவன் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற சுபாவம். ஒவ்வொரு கழியாக எடுத்தான், யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்தான், சந்தேகமானதைத் தள்ளி வைத்தான், தள்ளி வைத்ததைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தான். முடிந்தது என்று தலையை நிமிர்த்தினான். டாக்குத்தர் குவியலைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வேறொரு கழியை வைத்தார். அதுவும் முடிந்ததும், என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்டார்.

நெசவு என்றான்.

டாக்குத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று, அப்படிப் பிறக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு மருந்து கிடையாது, றெயிலை உன் கையில் தர முடியாது என்று மெதுவாகவே சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் முனாபைப் பயப்படுத்தியது.

வெளியில் வாகை மரத்தடியில் நல்லரத்தினம் மாஸ்டர் காத்துக்கொண்டு நின்றார். முனாப் நடந்ததைச் சொல்லி, டாக்குத்தர் என்னவோ பிழையாக விளங்கிக்கொண்டார் என்றான். பிறந்த நாளிலிருந்து சிவப்பைச் சிவப்பென்றும் பச்சையைப் பச்சையென்றும்தானே சொல்லி வருகிறேன் என்றான். மாஸ்டர் மதிலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"தம்பி, அந்தத் தென்னோலை என்ன நிறம்?"

"பச்சை, மாஸ்டர்."

"எப்பிடித் தெரியும்?"

"தென்னோலை பச்சைதானே."

"நீ ஓலையப் பார்த்துச் சொல்லயில்லடா தம்பி. தெரிஞ்சதச் சொல்றாய்."

முனாப் மறுபடியும் ஓலையைப் பார்த்தான். அது எப்போதும் இருப்பது போலவே இருந்தது. அதன் நிறம் பச்சை என்று யார் எப்போது சொல்லித் தந்தார்கள் என்று யோசித்தான். செம்பருத்தி சிவப்பு, கிளி பச்சை, மிளகாய் முதலில் பச்சை பிறகு சிவப்பு. எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பாடம் தெரியும் என்பதால் கண் தெரியும் என்று இருபத்திரண்டு வயதுவரை நம்பியிருந்திருக்கிறான். மாஸ்டரும் கலங்கித்தான் போயிருந்தார். நான் காண்கிற பச்சையைத்தான் நீயும் காண்கிறாய் என்று நினைத்தேன், அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லையே என்று முணுமுணுத்தார்.

கல்லடிப் பாலத்தில் நடந்து வரும்போது வேலை போன கவலையோடுதான் முனாப் வந்தான். பாதிப் பாலத்தில் அவன் கால் நின்றது. வாவிக்கரையில் யாரோ உடுப்புத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். அதில் இடுப்பில் உடுக்கும் கட்டம் போட்ட சாரன் ஒன்று காற்றில் ஆடியது. அது என்ன நிறம் என்று தன்னைத்தானே கேட்டான். மனதில் பதில் இல்லை. அந்தச் சாரனை யார் கட்டுவது என்று தெரிந்திருந்தால் பதில் வந்திருக்கும்.

மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் உசனாரின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

நடந்தது இதுதான். போன கிழமை ஒரு மத்தியானம், நல்ல வெயில் நேரம், வாவிக்கரையில் காயப்போட்டிருந்த மீன்பிடிக்கும் கச்சி முகம்மதுவின் வலைகளை யாரோ கத்தியால் கிழித்துப் போட்டிருந்தார்கள். குளிக்கப் போன முனாப், தென்னைகளுக்கு நடுவில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு விரைவாகப் போவதைக் கண்டான். முகம் தெரியவில்லை. சாரன் தெரிந்தது. அது அவன் நெய்த சாரன். வெள்ளைப் பாவில் நெடுக்கே மும்மூன்று கறுப்பு இழையாக ஓடும் அந்தக் கட்டத்தை ஊரில் வேறு யாரும் போடுவதில்லை. அந்தப் பாவில் இரண்டே இரண்டு சாரன் நெய்தான். குறுக்கே போகும் ஊடைக்கு ஒன்றில் சிவப்பு ஓட்டினான், மற்றதில் பச்சை. சிவப்புக் கட்டத்தை உசனார் வாங்கினார். பச்சை, சந்தையில் முகம் தெரியாத யாரிடமோ போனது.

வாவியில் நல்ல மீன் படுகிற இடத்துக்காகக் கச்சி முகம்மதுவும் உசனாரும் வாய்ச்சண்டை போட்டது ஊரறிந்த கதை. பள்ளிவாசலில் விசாரணை வைத்தார்கள். தாய்வழியாக வரும் குடி ஒவ்வொன்றுக்கும் சபையில் இருந்து தீர்ப்புச் சொல்லும் ஒரு மரைக்காயர் உண்டு. முனாபின் குடிக்கு அவன் உம்மாவின் தம்பி அப்துல் மஜீத். மரைக்காயர்களுக்குள் மூத்தவரும் அவரே. என்ன நிறம் கண்டாய் என்று அவர் கேட்டார். சிவப்பு என்று முனாப் அல்லாஹ்வின் பேரில் சத்தியம் செய்தான். நெசவுக்காரனின் கண்ணுக்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று மாமா சபையைப் பார்த்துச் சொன்னபோது அவனுக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தீர்ப்பு. உசனாரை ஊர்விலக்கு வைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அவர் வீட்டு நன்மை தின்மைக்கு, கலியாணம் சாவுக்குக்கூட, ஒருவரும் போகமாட்டார்கள். மகள் றபீக்காவுக்குச் சீதனமென்று அவர் பாதி கட்டிய வீடு அப்படியே நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள்.

இன்று வியாழன்.

முனாப் ஒழுங்காக யோசிக்கப் பார்த்தான். அந்த ஆளைக் கண்ட நேரத்தில் சிவப்பு என்று நினைத்தேனா? இல்லை. சாரனை மட்டும்தான் நினைத்தேன். கிழிந்த வலையைக் கண்ட பிறகு? உசனார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் சிவப்பு வந்திருக்கிறது. ஆளை முடிவு பண்ணிய பிறகு நிறம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவும் இப்போது நானாகச் சோடிக்கும் கதையா என்றும் சந்தேகம் வந்தது. எந்த நினைப்பை நம்புவது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் தங்கச்சி றமீஸா ராட்டினத்தில் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் உடுப்பு மாற்றாமல் கூடைக்கு முன்னால் குந்தினான். கண்ணை மூடிக்கொண்டு நூல்களை வலமும் இடமுமாக மாற்றி மாற்றி வைத்துவிட்டு, இதில் சிவப்பு எது என்று கேட்டான். அவள் ராட்டினத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள். அவன் நினைத்திருந்தது வலப்பக்கம் கிடந்த மற்றது.

"காக்கா, என்ன விளையாட்டு இது?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"சிவப்ப ஏன் எப்பவும் வலப்பக்கம் வைக்கிறாய்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சின்னதில நீங்க மாறி எடுத்து வாப்பாக்கிட்ட அடி வாங்கின நீங்க. அதுக்குப் பொறகு நான் அப்பிடித்தான் வச்சித் தாறன். கவனமில்லாத ஆளெண்டு நெனச்சன்."

அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அவனோ அந்தக் கூடையை மூடிய பெட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தான். இத்தனை வருஷமும் நெய்தது அவன் கை. நிறம் பார்த்தது அவள் கண். அதை அவனும் அறியவில்லை, அவளும் அறியவில்லை. முழுக்கதையையும் கேட்டதும் றமீஸா வாயில் கையை வைத்துக்கொண்டாள். இதை வெளியில் சொன்னால் நம்முடைய துணியைச் சனம் தொடுமா என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, றபீக்காவோடு தான் ஒரே பாயில் இருந்து குர்ஆன் ஓதியதைச் சொன்னாள். கூடையை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

பொழுது சாய முன்பே முனாப் மாமாவிடம் போனான். வயலும் மாடும் பார்க்கிற மனிதர், அப்போதுதான் வயல் வட்டையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். றெயில்காரன் உனக்கு வேலை தர மனமில்லாமல் சொன்ன சாட்டு இது என்றார். உசனாரின் பெண்டாட்டி வந்து அழுதாளா என்றும் கேட்டார். கடைசியில், பள்ளியில் செய்த சத்தியத்தைப் புரட்டினால் தன் முகத்தில் கரி, குடியின் முகத்தில் கரி, நாளைக்கு வாயைத் திறக்காதே என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் சபை கூடியது. மரைக்காயர்கள் பாயில் இருந்தார்கள். உசனார் ஒரு பக்கம் தனியே குந்தியிருந்தார். கச்சி முகம்மது கிழிந்த வலைத்துண்டை மடியில் வைத்திருந்தார். அப்துல் மஜீத் தொண்டையைச் செருமித் தொடங்க முன், முனாப் எழும்பினான். கையில் றமீஸாவின் கூடை. நான் கண்டது சாரனை, நிறத்தை அல்ல, எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று என்று நேற்றுத்தான் அறிந்தேன், என் சாட்சியை எடுத்துவிடுங்கள் என்றான்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார்கள்.

"உசனார் எத்தின கோர்வை மீன் தந்தவன்?" என்று கச்சி முகம்மது கேட்டார்.

முனாப் கூடையை நிலத்தில் கவிழ்த்தான். யாராவது கலக்கிவிடுங்கள், பிரித்துக் காட்டுகிறேன் என்றான். ஒருவர் கலக்கினார். அவன் மண்ணில் முழங்காலிட்டு, நேற்று டாக்குத்தருக்கு முன்னால் செய்தது போலவே ஒவ்வொரு கழியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பிரித்தான். வேண்டுமென்றே ஒரு கழியையும் பிழையாக வைக்கவில்லை. சரியாகப் பிரிக்கத்தான் பார்த்தான். முடிந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. இரண்டு குவியலிலும் இரண்டு நிறமும் கலந்து கிடந்தன.

"நடிக்கான்," என்றார் கச்சி முகம்மது. "காணத் தெரிஞ்சவனுக்குக் காணாத மாதிரி நடிக்க ஏலாதா?"

இதைத்தான் முனாப் இரவெல்லாம் நினைத்துப் பயந்திருந்தான். தன் கண்ணைக் கழற்றி இன்னொருவன் முகத்தில் பொருத்திக் காட்ட முடியாது. தலைகள் ஆடின. உண்மைதான், நடிப்புத்தான் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். உசனார் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அப்துல் மஜீத் பாயிலிருந்து எழும்பி வந்தார். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எங்கட குடியில கண் பிழைச்சவன் ஒருத்தனும் பொறக்கல்ல," என்றார் சபைக்கு. "இதில என்னடா கஷ்டம் உனக்கு?"

குனிந்தார். சுறுசுறுப்பாக, நெல் தூற்றிப் பதர் ஒதுக்குகிற கையோடு, கழிகளை இரண்டாகப் பிரித்தார். இது சிவப்பு, இது பச்சை, இது சிவப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லி எறிந்தார். அவர் குரலில் ஒரு துளி சந்தேகம் இல்லை. கடைசிக் கழியையும் எறிந்துவிட்டு நிமிர்ந்து, இப்போது சொல்லுங்கள் என்பது போலச் சபையைப் பார்த்தார்.

கச்சி முகம்மதுவின் வாய் திறந்தபடி நின்றது. மற்ற மரைக்காயர்களில் ஒருவர் எழும்பப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இருந்தார். மாமா எறிந்த சிவப்பில் பச்சை இருந்தது, பச்சையில் சிவப்பு இருந்தது. அது முனாபுக்குத் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாருடைய முகத்தையும் பார்த்துத்தான் முனாப் அறிந்தான். நடிக்கிறார் என்று அவரை யார் சொல்வது?

"என்ன?" என்றார் அப்துல் மஜீத். "என்ன பார்க்கிறீங்க?"

அவர் முகத்திலிருந்து கோபம் வடிந்ததை முனாப் கண்டான். பாலத்தில் தன்னைப் பிடித்த அதே பயம் மாமாவின் கண்ணுக்குள் ஏறுவதையும் கண்டான். ஐம்பத்தைந்து வருஷம் வயலையும் வானத்தையும் பார்த்தவர், ஊருக்கு நியாயம் சொன்னவர், இப்போது குனிந்து இரண்டு கழிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பக்கத்தில் மண்ணில் இருந்த முனாபிடம், வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்ற குரலில் கேட்டார்.

"மருமகன், இதில எது சிவப்பு?"

"தெரியா மாமா."

ஆனால் அது எல்லாருக்கும் கேட்டது. மரைக்காயர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாட்சி இல்லை, ஆகவே தீர்ப்பும் இல்லை என்று அவர்களில் ஒருவர் சொன்னார். கச்சி முகம்மது எதிர்ப்புச் சொல்லவில்லை. வலைத்துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

எழும்பிப் போயிருக்கலாம் உசனார். போகவில்லை. தனியே இருந்த இடத்திலிருந்து எழுந்து முற்றத்தைக் கடந்து வந்தார். அப்துல் மஜீதின் கை இன்னும் விரிந்தபடியே நின்றது. உசனார் அதிலிருந்த ஒரு கழியைத் தொட்டு, மற்றதை எடுத்து அப்பால் வைத்தார்.

"இது," என்றார்.

அப்துல் மஜீத் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.