ஆறு கம்பிக்கும் ஒரு எர்த்

இப்போதெல்லாம் யாரும் ஒரு பொருளை வாங்கினபடியே வைத்துக்கொள்வதில்லை. வண்டி வாங்குகிறான், மறுநாளே சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊரை எழுப்புகிற மாதிரி வேறொன்றை மாட்டுகிறான். கதவு வாங்கினால் கைப்பிடி பிடிக்கவில்லை, கைப்பிடியை மாற்றினால் கதவு பிடிக்கவில்லை. பிடிக்காததை எதற்கு வாங்கினாய் என்று கேட்டால், மாற்றத்தான் வாங்கினேன் என்கிறான். கேட்டவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறான். ஊரான் பிள்ளை செய்தால் எக்கேடோ கெடட்டும் என்று விட்டுவிடலாம். பெற்ற மகளே செய்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

என் மகள் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினாள். கடையில் இருந்ததிலேயே மட்டமானது. மிட்டாய்ச் சிவப்பு வர்ணம், தட்டினால் காலிப் பெட்டி மாதிரி சத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே ஒரு தடவை மீட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு அதைக் குப்புறப் போட்டு ஸ்குரு டிரைவரை எடுத்துவிட்டாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கிற கூடத்தில் வேலை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, போன மாதிரியே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். அங்கே என்ன நடந்தது என்று அவளாகச் சொன்னதில்லை. அவள் அம்மா கிண்டிக் கிளறி ஒன்றை மட்டும் வாங்கினாள். எதைத் தொட்டாலும் விளங்காது, உன் கைராசி அப்படி என்று தினமும் சொல்வார்களாம். ஒன்பது வருஷம் தினமும்.

அந்தக் கைதான் இப்போது சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். முதலில் வர்ணத்தைத் தேய்த்து எடுத்தாள். வீடெல்லாம் சிவப்புத் தூள். என் தலையணை உறைகூடச் சிவந்துபோனது. அடியிலிருந்து வெளுத்த மரம் ஒன்று வந்தது. பரவாயில்லை, ரேகை இருக்கிறது என்றாள். அதற்கு எண்ணெய் பூசி, துடைத்து, காயவைத்து, மறுபடி பூசினாள். கிட்டார்க் கழுத்தின் குறுக்கே பதித்திருந்த உலோகப் பட்டைகளின் முனை கையைக் கிழித்தது. செயற்கைப் பல்லை உருட்டித் தேய்க்கிற பொடி அரத்தை வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து ஒவ்வொரு முனையாக உருட்டினாள். கம்பிகள் ஏறி உட்கார்கிற பிளாஸ்டிக் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எலும்பில் ஒன்று செதுக்கினாள். கம்பி முறுக்குகிற திருகுகள் புதுசு. கம்பிக்கு அடியில் இருக்கிற காந்தக் கட்டைகள் புதுசு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் புதுசு.

"எல்லாத்தையும் மாத்திட்டியே, நீ வாங்கின கிட்டார் எங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தூள் தூளா உங்க தலையணையில இருக்குப்பா" என்றாள்.

அவள் அம்மா அடுப்படியில் சிரித்தாள். வீட்டில் இரண்டு பெண்கள் ஒரு கட்சி ஆகிவிட்டால் ஆம்பளை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் எனக்கு எரிந்தது அது அல்ல. முப்பத்தெட்டு வருஷம் நான் வயரிங் வேலை செய்தவன். இந்த ஊரில் பாதி வீட்டுச் சுவருக்குள் என் ஒயர் ஓடுகிறது. அவள் சால்டரிங் அயர்ன் வாங்கி வந்து, போனில் எவனோ பேசுகிற வீடியோவைப் பார்த்து ஈயம் உருக்கக் கற்றுக்கொண்டாள். மூன்றடி தள்ளி நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒயர் விஷயத்தில்தான் வாய் திறந்தேன். கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கிற குழியிலிருந்து ஒரு கறுப்பு ஒயரைத் துளை வழியாக இழுத்து, கம்பிகள் வந்து முடிகிற இரும்புத் தகட்டுக்கு அடியில் கொடுத்தாள். ஆறு கம்பியும் அந்தத் தகட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இது எதுக்கு என்றேன். எர்த் என்றாள். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் பெட்டி உறுமிக்கொண்டே இருக்குமாம். கை கம்பியில் பட்டதும் அடங்குவதற்காகத்தான் இந்த ஒயராம்.

"கையில படற கம்பிக்கு ஒயரா? அந்த ஒயரு எங்க போகுது? பெட்டிக்கு. பெட்டி எங்க போகுது? செவுத்துக்கு. அப்ப உன் விரலுக்கும் மெயினுக்கும் நடுவுல என்னம்மா இருக்கு?"

"எர்த்துதான்பா இருக்கு. காப்பாத்தறதுக்குத்தான அது?"

"காப்பாத்தும்னு உனக்கு எவன் சொன்னான்?"

"உங்க வாயில இருக்கற பல்லு நான் செஞ்சது. அத நம்பி எலும்பக் கடிக்கறீங்க. இத நம்ப மாட்டீங்களா?"

பல் வேறு, கரண்ட் வேறு. பல் கழன்றால் கையில் வரும். என்னோடு வேலை செய்தவன் ஒருவன், நெட்டை என்று கூப்பிடுவோம். துணி வெளுக்கிற கூடம் ஒன்றில் பெரிய மெஷினின் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. எர்த் ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தது, கொடுத்தவனே நான். ஆனால் அதற்கு முன்பே சுவருக்குள் எவனோ ஒரு புண்ணியவான் ஒயர் மிச்சம் பிடிக்க கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தான். நியூட்ரல் அறுந்த அன்றைக்கு, காப்பாற்ற வேண்டிய ஒயர் வழியாகவே கரண்ட் உடம்புக்கு வந்துவிட்டது. அந்த எர்த் ஒயர் இல்லாமல் இருந்திருந்தால் நெட்டை பிழைத்திருப்பான். நம் ஒயர் சரியாக இருந்தால் போதாது. நமக்கு முன்னால் எவன் கைவைத்தான் என்பது சுவருக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். ஒயரை எடுக்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் வேலைக்குப் போயிருந்தாள், அம்மாக்காரி குளித்துக்கொண்டிருந்தாள். நான் கம்பிகளைத் தளர்த்தி, தகட்டைக் கழற்றி, கறுப்பு ஒயரின் நுனியை மடித்து டேப் சுற்றி மறுபடி மூடினேன். குழிக்குள் அவள் ஈயம் உருக்கிச் சூடு வைத்த இடம் எதையும் தொடவில்லை. திறந்து பார்த்தால் எல்லாம் இருந்தபடி இருக்கும். வேலை தெரிந்தவன் கெடுத்தால் அப்படித்தான் கெடுப்பான். கம்பிகளை மறுபடி முறுக்கினேன். சுருதி இறங்கியிருந்ததற்கு, புதுக் கம்பி அப்படித்தான் நழுவும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு உறுமல் ஆரம்பித்தது. ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டதும் வண்டு மாதிரி ஒரு சத்தம், கம்பியில் கை வைத்தாலும் அடங்காது. சிறிதாகத்தான் இருந்தது. வீட்டில் சிறிதாகத் தெரிந்தது ஹோட்டலில் பெரிதாகிவிட்டது. ஒரு ஹோட்டலில் சனி, ஞாயிறு வாசிக்கிற குழுவில் கிட்டார்க்காரர் விலகியிருந்தார். அந்த இடத்துக்கு வாசித்துக் காட்டச் சொல்லி இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் வாசித்தவள்தான். ஞாயிறு காலையில், வந்த நாளிலிருந்து பெட்டியிலேயே கிடந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். மத்தியானமே வந்துவிட்டாள்.

குழுத் தலைவன் ஒரு கீபோர்டுக்காரன். இரண்டாவது பாட்டிலேயே கையைத் தூக்கி நிறுத்திவிட்டானாம். உள்ளே வண்டு பிடித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டானாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வீட்டில் செய்ததை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஞாயிறு கடைக் கிட்டார் ஒன்றோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டான். அவன் யார் என் மகளைப் பார்த்துச் சிரிக்க? விலாசம் தெரிந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பேன். போய் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு கதை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று சாயங்காலமும் கைப்பையைக்கூட இறக்காமல் மேஜையில் உட்கார்ந்தாள். குழியில் வைத்த ஈயத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். குழிக்குள் செப்புத் தகடு ஒட்டினாள். கம்பிகள் முடிகிற தகட்டை மட்டும் கழற்றிப் பார்க்கவில்லை. வண்டு போகவில்லை. புதன்கிழமை கிட்டாரைத் தூக்கி என் மடியில் வைத்தாள். ஒயரில் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிற என் பழைய மீட்டரையும் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

"அப்பா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. எர்த்து எங்கயாவது விட்டிருக்கா?"

திரும்பி வந்த ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. குழிக்குள் பார்த்தேன். ஒவ்வொரு சூடும் கடுகளவு, பளபளவென்று, எங்கும் வழியாமல். நான் வைத்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. மீட்டரின் ஒரு முனையைக் கறுப்பு ஒயரின் சூட்டில், இன்னொன்றைக் கம்பியில் வைத்திருந்தால் முள் அசையாமல் கிடந்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். நான் அங்கே வைக்கவில்லை, வேறு இரண்டு இடத்தில் வைத்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. பொருளே மட்டம். மட்டத்த எத்தன தேச்சாலும் மட்டம்தான்."

அவள் தலையாட்டிக்கொண்டு வாங்கிப் போனாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? நாற்பத்தொரு வயதில் அப்பன் சொன்னால் அப்படியே நம்பிவிடுவதா?

வியாழக்கிழமை சாயங்காலம் மேஜை காலியாக இருந்தது. அடுப்படிப் பக்கம் போனேன், தண்ணீர் குடிக்க. உள்ளே அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை. கடைக்குப் போய்வந்ததைச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த வீட்ல சொன்னது சரிதாம்மா. நம்ம கைராசி அப்படி. ஞாயித்துக்கிழம வேற ஆள் பாத்துக்கச் சொல்லி போன் பண்ணிட்றேன்."

அம்மாக்காரி அடுப்பை அணைத்தாள்.

ஒன்பது வருஷம் எவன் எவனோ சொல்லி அவள் நம்பாமல் எழுந்து வந்த பேச்சு. அதை நான் ஒரு சாண் டேப்பில் நம்ப வைத்துவிட்டேன். என்மேல் வந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் ஸ்குரு டிரைவரைத் தேடுகிற சாக்கில் டப்பாவைத் தரையில் கொட்டினேன். சத்தம் கேட்டு இருவரும் வந்தார்கள். கிட்டாரை மேஜையில் போட்டு, கம்பிகளைத் தளர்த்தி, தகட்டை எடுத்து அப்பால் வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். மடித்த ஒயரை, அதன்மேல் சுற்றியிருந்த டேப்பை, விரலால் ஒரு தரம் தொட்டாள்.

"அழகாச் சுத்தியிருக்கீங்க" என்றாள்.

"ஊரார் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் போட்ட மனுஷன்" என்றாள் அவள் அம்மா. "பெத்த பொண்ணுக்கு ஒயரப் புடுங்கியிருக்கீங்க."

நான் கத்தினேன். நெட்டையின் கை வெந்த கதையைச் சொன்னேன். செத்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். வீடியோக்காரன் வந்து தூக்குவானா என்று கேட்டேன். கத்தி முடிகிறவரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"பயந்தீங்க, சரி. சொல்லிட்டுப் புடுங்கியிருந்தா சண்ட போட்டிருப்பேன், அவ்வளவுதான். மடியில வச்சுக் கேட்டப்ப எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே. அத என்னப்பா பண்றது?"

முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு வீட்டிலும் நான் பொய்யாக 'சரியாக இருக்கிறது' என்று சொன்னதில்லை. அதையும் சொல்லிக் காட்ட முடியாத இடத்தில் நின்றிருந்தேன்.

அவள் டேப்பை உரித்து, நுனியைச் சுரண்டி, தகட்டோடு சேர்த்துச் சூடு வைத்தாள். கம்பிகளை முறுக்கினாள். பெட்டியைப் போட்டாள். வண்டு கத்தியது. உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்தாள், நின்றது. எடுத்தாள், கத்தியது. வைத்தாள், நின்றது. அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். உன் ஒடம்பு வழியாத்தான் ஏதோ போகுது. நானும் அதத்தான் சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. மன்னிப்பும் இல்லை. "தொட்டுப் பாருங்க" என்று கிட்டாரை நீட்டினாள். நான் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

வீட்டுக்கே எர்த் இறங்குகிற குழி கொல்லைச் சுவரோரம் இருக்கிறது. மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, குழிக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். எவனும் காட்டுவதில்லை. மூடியை நகர்த்தினேன். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, வெட்கக்கேடு. ஒரு வாளி ஊற்றினேன். ஊற்றின இடம் தெரியவில்லை. இரண்டாவது வாளிக்குத்தான் அடியில் களக் களக் என்று இறங்கும் சத்தம் வந்தது. உள்ளே அவள் வாசிக்க ஆரம்பித்திருந்தாள். நடுவில் தப்பு வந்தது, நிறுத்தினாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வண்டு இல்லை. இல்லாவிட்டால் என்ன, இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நிற்கப்போகிற அந்த ஹோட்டலில் குழி எந்தப் பக்கம் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் காட்டி எத்தனை வருஷம் ஆயிற்று, எவன் எதை எதோடு முறுக்கி வைத்திருக்கிறான், யாருக்குத் தெரியும்? கீபோர்டுக்காரனுக்கா தெரியும்? மூன்றாவது வாளியை ஊற்றினேன். தண்ணீர் கொஞ்ச நேரம் மேலே நின்று, கலங்கி, குமிழி விட்டுக்கொண்டு கீழே போனது. வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டு, சேறு அப்பின செருப்போடு பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, அந்தக் குழியைப் பார்க்க ஹோட்டல் பக்கம் நடந்தேன்.