தடித்த குரல்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. நாலு சக்கரம், சாயம் போன நீலம், எங்கள் மகளைவிட வயதில் மூத்தவள். துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவருக்குக் கார் எதற்கு என்று வாங்கிய அன்றைக்கே என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கேட்டேன். பதில் வந்ததில்லை. "செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று வாய்க்கு வந்தபோதெல்லாம் சொல்லுவேன். அவரைக் காது டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பழமொழியை மட்டும் நான் தொடுவதில்லை.

மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், தடித்த சத்தங்கள் கடைசியில் போகும் என்றார் டாக்டர். காதில் மாட்ட ஒரு மெஷின் கொடுத்தார். கரகரவென்று இரைகிறது என்று இவர் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். மகள் போன் செய்தால், "அவ குரல் மெல்லிசு, நீயே பேசு" என்று என்னிடம் நீட்டிவிடுவார்.

"அப்ப என் குரல் கேக்குதா?" என்று ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"உன் குரலா? அது அடுத்த தெருவுக்கே கேக்குமே. தடிச்ச குரலாச்சே!" என்று சிரித்தார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அன்றைக்கு எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நான் தையல்காரி. மெஷினை மிதித்துக்கொண்டே நாள் முழுக்க அவரிடம் பேசிக்கொண்டிருப்பேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து "ம்" கொட்டுவார். அந்த "ம்" விழாவிட்டால் எனக்குத் தையல் நேராக வராது.

ஆனால் மனசு ஒரு பக்கம் அரித்துக்கொண்டேதான் இருந்தது. "பால் திரிஞ்சு போச்சுங்க" என்றால், "ம், நல்லது" என்பார். கவனம் எங்கேயோ இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் காருக்கென்று இவர் வரவழைத்த ஒரு பெட்டி வந்தது. உள்ளே நாலு பளபளக்கும் குழாய்கள், ஒன்றோடொன்று வளைந்து நெளிந்து கடைசியில் ஒரே குழாயாகச் சேர்ந்திருந்தன. இதன் பேர் ஹெடர் என்றார். இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் இடத்தில் இருக்கும் பழைய வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிட்டது, அதைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். புகை தடையில்லாமல் போகும், சத்தமும் தடிக்கும்.

"இப்பல்லாம் வண்டி சத்தம் எனக்குச் சரியா பிடிபடல. இதை மாட்டினா நல்லா கேக்கும்" என்றார்.

திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டால் என் குரலும் கேட்கிறது என்று அர்த்தம். கேட்காவிட்டால் என்ன அர்த்தம் என்று நான் நினைக்கவில்லை. நினைக்கப் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் வேலையை ஆரம்பித்தோம். "முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டிடு. ஸ்பானர் பட்டா பொறி பறக்கும்" என்றார். கழற்றி, முனையில் ஒரு ஜாக்கெட் துணித் துண்டைச் சுற்றி ஓரமாகச் செருகி வைத்தேன். நட்டுகள் எல்லாம் துருவேறி அசையவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் ஒவ்வொன்றாகத் திருகினோம். ஒரு போல்ட் பாதியில் முறிந்தது. அதை எடுத்து முடிப்பதற்குள் அவர் என்னையும், காரையும், காரைச் செய்தவர்களையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார்.

ஹெடர் மேல் வழியாக இறங்க மறுத்தது. ஸ்டியரிங் தண்டு குறுக்கே நின்றது. காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, கீழ் வழியாகத்தான் அதை ஏற்ற முடிந்தது. அவர் காருக்கு அடியில் படுத்தார். மேலே மூலையில் இருந்த நட்டுக்கு அவர் கை நுழையவில்லை, என் கை நுழைந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலாலேயே தடவி மாட்டினேன். ஊசியில் நூல் கோத்துப் பழகிய விரல். முழங்கையில் தோல் உரிந்தது வேறு கதை.

கீழே இருந்து அவர் இறுக்க வேண்டும். குழாயின் வாய் இன்ஜினோடு நேராக உட்காருகிறதா என்று நான் மேலே இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன்.

"எதுக்கு தொண்டைத் தண்ணிய வத்தவைக்கிறே? ஸ்பானரால வண்டில தட்டு. ஒரு தட்டுன்னா இறுக்கறேன். ரெண்டு தட்டுன்னா நிறுத்தறேன்" என்றார் அடியிலிருந்து.

தட்டினேன். இறுக்கினார். இரண்டு தட்டு தட்டினேன். நிறுத்தினார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. கேட்கிறது, கேட்கிறது என்று என் மனசு துள்ளியது. காருக்கு அடியில் இருந்த மனிதருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாலையில் வேலை முடிந்தது. காரை இறக்கினோம். வண்டிச் சத்தத்தைத் தெருவில் நின்று கேட்பதுதான் அவர் வழக்கம். வாசல் கேட்டருகே போய் நின்றுகொண்டு, கிரீஸ் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, "ம், ஸ்டார்ட் பண்ணு!" என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேட்டரி ஒயர் இன்னும் ஜாக்கெட் துணிக்குள் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, "இருங்க" என்று சொல்ல நிமிர்ந்தேன்.

அவர் முகம் மலர்ந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா! எப்படித் தடதடங்குது பாரு! உன் கை பட்டது வீண் போகல" என்றார்.

ஷெட்டில் அத்தனை அமைதி. எதிர்வீட்டு வாத்தியாரின் ரேடியோ செய்தி வாசிப்பது தெளிவாகக் கேட்டது. இவர் சத்தமாக, "போதும், ஆஃப் பண்ணிடு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கை கழுவ ஷெட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் போனார்.

ஸ்பானர் தட்டியபோது அவர் கை இரும்பின் மேல் இருந்தது. கையால்தான் கேட்டிருக்கிறார். அப்படியென்றால் அந்த "ம்" எல்லாம்? மகளைப் பற்றி, என் முதுகுவலியைப் பற்றி, அவர் இல்லாமல் போனால் நான் என்ன ஆவேன் என்று ஒரு மதியம் விக்கி விக்கிச் சொன்னது பற்றி? தையல் மெஷினைப் பார்த்துக் குனிந்தபடி நான் பேசியது அத்தனையும் சுவருக்குத்தான் சொன்னேனா? எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். அன்றைக்குக் கோபம் வரவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று இந்த மனிதர் தனியாக இதைச் சுமந்திருக்கிறார்.

இறங்கிப் போய்த் துணியைப் பிரித்து ஒயரை மாட்டினேன். உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

வண்டி அதிர்ந்து எழுந்தது. ஷெட்டின் தகரக் கூரை நடுங்கியது. புதுக் குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய் கருகிப் புகைந்தது. எதிர்வீட்டு வாத்தியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து என்னவோ கத்தினார். பத்தடி தூரத்தில் இவர் முதுகைக் காட்டிக்கொண்டு, விரல் விரலாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

வண்டியை ஓடவிட்டுவிட்டு ஸ்பானரோடு அவரிடம் போனேன். சோப்பை அலச அவர் ஒரு கையால் பிடித்திருந்த இரும்புத் தண்ணீர்க் குழாயில் இரண்டு தட்டு தட்டினேன்.

பழக்கத்தில் கை தானாகக் குழாயை நிறுத்தியது. "வேலை முடிஞ்சும் அதிகாரமா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் புகையைப் பார்த்தார், நடுங்கும் காரைப் பார்த்தார், காதைப் பொத்திய வாத்தியாரைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று.

"எப்ப ஸ்டார்ட் பண்ணே?" என்றார்.

"இப்பதான்" என்றேன், உதடு அசைவது தெரியும்படி நேர் எதிரே நின்று.

ஈரக் கையோடு அப்படியே நின்றார். குழந்தை தப்புச் செய்துவிட்டு நிற்கிற மாதிரி. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சத்தம் எப்படி இருக்கு?"

"தடிச்ச சத்தம்" என்றேன். "என் குரல் மாதிரியே இருக்கு."