போஹுமிலைச் சுற்றி ஈயச்செடி

கடைசி மேட்டை உழுது முடித்த மாலையில் போஹுமில் தரைக்குள் இறங்கத் தொடங்கினான். முதல் நாள் பூட்ஸ் மட்டும். வருடக் கடைசியில் முழங்கால். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கோதுமை விலை ஏறிக் கிடந்த யுத்த காலம் அது. அவனுடைய அப்பா மாட்டுப் புல்லுக்கென்று உழாமல் விட்டிருந்த அந்த மேட்டில் ஈயச்செடி மண்டியிருந்தது. சாம்பல் பூத்த இலை, ஜூலையில் ஊதாக் கதிர். மேலே முழங்கால் உயரம்தான். கீழே மூன்று ஆள் ஆழத்துக்கு வேர். ஏர் போன வழியெல்லாம் அந்த வேர்கள் பூட்ஸ் கயிறு அறுவதுபோல் படபடவென்று அறுந்தன. போஹுமிலுக்கு அன்று அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

ஆறு குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள், இடுப்புதான் பிடித்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தார்கள், மண் சரிந்து இன்னும் ஒரு சாண் இறங்கினான். பாதிரியார் வந்து, இருந்த இடத்திலேயே நற்கருணை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி ருஷெனா அவன் தலைக்கு மேல் பலகைக் கூரை போட்டாள், வேளாவேளைக்கு உருளைக்கிழங்கு சூப்பு கொண்டுபோனாள். தோண்டிய குழியில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள்: பழைய வேர் மிச்சமிருந்த இடத்தில் மட்டும் மண் சரியவில்லை. வேர் வலை பின்னினால் புருஷன் மேற்கொண்டு இறங்காமல் நின்றுவிடுவான். ரயில் பாதையோரம் ஏர் படாமல் தப்பித்திருந்த செடிகளிலிருந்து விதை உருவி வந்து அவனைச் சுற்றி விதைத்தாள்.

முட்டைக்கோசு வளர்த்துப் பெயரெடுத்தவள் அவள். அந்தக் கைதான் கெடுத்தது. வாத்து எருவும் கிணற்றுத் தண்ணீரும் போட்ட போட்டில் செடி கொழுத்து, சாய்ந்து, அழுகிப்போயிற்று. அடுத்த வருடத்துச் செடியை முயல் தின்றது. மூன்றாம் தடவை கம்பிவலை கட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், எரு போடாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதைவிடக் கஷ்டமான வேலையை அவள் செய்ததில்லை. நான்கு வருடமாகியும் செடி ஒரு சாணைத் தாண்டவில்லை. போஹுமில் மார்புவரை போய்விட்டான்.

அவளுடைய அண்ணன் வாட்ஸ்லாவ் ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்ப்பான். "என்னம்மா இது, செடியா இல்ல கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற உன் மாமியாரா?"

"எங்கம்மாவைப் பேசாத மச்சான்," என்றான் கீழேயிருந்து போஹுமில். "அவங்க எந்திரிச்சாவது நடமாடினாங்க."

ருஷெனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரையும் விளக்குமாற்றால் அடிக்கலாம் போலிருந்தது.

எட்டாம் வசந்தத்தில் காய்ந்த புல் செடியை மூடி நெரித்தது. பிடுங்கினால் இளவேரும் சேர்ந்து வரும். போஹுமிலின் அப்பா காலத்தில் மேட்டுக்குத் தீ வைப்பார்கள்; புல் போகும், ஈயச்செடி அடியிலிருந்து துளிர்க்கும். இப்போது நடுவில் போஹுமில் இருந்தான்.

"கொளுத்து. ஈரச் சாக்கைத் தலைல போட்டுட்டுக் கொளுத்து," என்றான் அவன்.

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க. கொளுத்தறவ நானில்ல?"

"வேற வழி இருந்தா சொல்லு."

காற்று விழுந்த காலையில், ருஷெனா கூரைப் பலகையைக் கழற்றி வைத்து, சாக்கின்மேல் நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, அழுதுகொண்டே தீக்குச்சி கிழித்தாள். கால் மணி நேரத்தில் மேடு கறுத்தது. சாக்கைத் தூக்கியபோது புருவம் மட்டும் பொசுங்கியிருந்தது.

ஜூலையில் அவனைச் சுற்றி ஊதாக் கதிர் விட்டது. காது மறையும் அளவுக்குத் தேனீ. செப்டம்பரில், வருடாவருடம் செய்வதுபோல, அவன் எவ்வளவு இறங்கினான் என்று கோடு போட்டுவந்த முளைக்குச்சியை அவன் தோளோடு வைத்துப் பார்த்தாள். போன வருடத்துக் கோடு அதே இடத்தில் இருந்தது. மறுபடி பார்த்தாள். அதே இடம்தான்.

"கால்ல என்னமோ சுத்துது ருஷெனா," என்றான் அவன். "பூட்ஸ் கயிறு கட்டிவிடற மாதிரி. ரெண்டு காலுக்கும். நல்லா இறுக்கமா கட்டுது."

"மேல வர முடியுமா பாருங்க."

முக்கிப் பார்த்தான். "விடாது," என்றான்.

அதன்பிறகு அவன் இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. கைகளும் மண்ணுக்குள் இருந்ததால் தபால்காரர் கடிதங்களைக் குனிந்து அவன் வாயில் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ருஷெனா சாக்கை நனைத்துத் தீ வைப்பாள். சூப்பு கொண்டுபோகும்போது முக்காலி எடுத்துப்போவதை விட்டுவிட்டாள். செடிகளை ஒதுக்கி, அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.