செவ்வாய் வெள்ளி மாத்திரை

ஊரூர் குப்பத்தில் மீன் வெட்டி விற்கும் கெங்கம்மாவுக்குத் திமிர் கொஞ்சம் அதிகம். டாக்டர் சொன்ன வைத்தியத்தையே திருத்திக்கொள்வாள். நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கிறது என்று, ரத்தம் உறையாமலிருக்க தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். இவள் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் விழுங்கினாள். அந்த இரண்டு நாளும் அடையாறில் பாதிப் பேர் மீன் தொடமாட்டார்கள், கத்திக்கு வேலை குறைவு. மாத்திரை போட்ட நாளில் விரலில் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. ரத்தம் சொட்டும் கையிலிருந்து யார் வஞ்சிரம் வாங்குவார்கள்?

கால்வலியைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. பத்து வீடு தாண்டுவதற்குள் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விடும். நெஞ்சு டாக்டருக்குக் காலோடு என்ன வேலை என்று விட்டுவிட்டாள்.

இந்த முறை டாக்டரே பார்த்துவிட்டார். பெஞ்சிலிருந்து எழுந்து அறைக்குள் வருவதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து பாதத்தில் விரல் வைத்து நாடியைத் தேடினார். இடது காலில் கிடைக்கவில்லை.

"காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கும் போலம்மா. துடிப்புக் கோளாறோட இதுவும் சேர்ந்தா பக்கவாதம் வர்ற வாய்ப்பு இன்னும் அதிகம். மாத்திரையை ஒருநாள்கூட விடலையே?"

"தெனிக்கும் போட்டுக்கினுதான் கீது சார்," என்றான் கூட வந்த கணவன் ரங்கன்.

கெங்கம்மா தரையைப் பார்த்தாள்.

பஸ் நிறுத்தத்தில்தான் உண்மையைச் சொன்னாள். ரங்கனுக்கு ஆத்திரம் பொங்கியது.

"வாய் கோணி நீ படுத்துக்கினா நான் இன்னா பண்ணுவேன்?"

"தெனம் போட்டா கத்தி புடிக்க முடியாதுய்யா."

அவன் அவள் விரல்களில் இருந்த கீறல்களைப் பார்த்தான்.

ஞாயிறு காலை, நல்ல கூட்டம். படகிலிருந்து இறங்கிய ரங்கன் நேராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அந்த வரிசையில் ஆண்கள் உட்காருவது வழக்கமில்லை.

"இன்னா ரங்கா, பொடவ கட்டிக்கினு வர்லியா?" என்றாள் எதிர்க்கடை புஷ்பம். சுற்றிலும் சிரிப்பு.

அவன் நிமிராமலே கெங்கம்மாவிடம் சொன்னான். "நீ மாத்திரைய போடு. அப்பால வெலைய சொல்லு."

வஞ்சிரத்தை வெட்டுகிறேன் என்று கொத்திவைத்தான். கெங்கம்மாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லோரும் பார்க்க மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

மீன் வாங்க வந்த அம்மா முகம் சுளித்தார். "இவருக்கு வெட்டவே தெரியலையே?"

"கத்துக்குவாரும்மா," என்றாள் கெங்கம்மா. "இன்னும் ரொம்ப நாளு கீது."