கால்மணி நேரப் படத்துக்கு ஓர் இடைவேளை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு பழம்பொரித் தட்டின் (நம் ஊர் வாழைப்பழ பஜ்ஜிதான்) முன்னால் கிடைத்தது. அதை மறைத்து, "கலை என்பது மனித மனத்தின்..." என்று தொடங்கிப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

2

கொச்சி மட்டாஞ்சேரியில் ராமபத்ரன் மாமாவுக்கு ஒரு பழைய மிளகுக் கிடங்கு, அவர் வாயில் கோடவுன், உண்டு. முன்பக்கம் அவருடைய சாயாக்கடை, பின்பக்கம் படகுகள் போகும் காயல். எர்ணாகுளத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் ஸ்வர்ணலதா தன் திரைப்படச் சங்கத்துக்கு அந்தக் கோடவுனைக் கேட்டாள். மற்ற மண்டபங்கள் கைவிரித்துவிட்டன; இதுவும் இல்லையென்றால் சங்கமே இல்லை.

ஒரு படம் போட்டுக் காட்டு, இடைவேளைக்குப் பிறகும் ஜனம் வந்து உட்கார்ந்தால் மாதாமாதம் சாவி உனக்கு என்றார் மாமா. படமே கால்மணி நேரம்தான் என்றாள் அவள்.

"அதுக்கென்ன? இண்டர்வெல் இல்லாத்த சினிமாவுக்கு ஆரு வருவா?"

[இதை வியாபார புத்தி என்று எழுதி, அடித்துவிட்டேன். அன்று சாயா இலவசம்.]

3

படத்துக்கு ஏறக்குறைய நூறு வயது. பேசாத படம். கனவைக் கேமராவில் பிடித்துவிட வேண்டும் என்று துடித்த இளைஞர்கள் எடுத்தது. மீசைக்காரர் ஒருவர் தன் நிழலை மடித்துப் பையில் வைக்கிறார். ஒரு நாற்காலி தும்முகிறது, சத்தமில்லாமல்தான். ஒரு பெண் அலமாரிக் கதவில் கை வைக்கிறாள்.

மாமா விளக்கைப் போட்டுவிட்டார்.

முன்னுரை பேசப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பேச்சைக் கேட்டு ஒருவரும் அசையவில்லை என்பது வேறு விஷயம்.

4

சாயாவும் பழம்பொரியும் கைக்கு வந்ததும் சண்டை தொடங்கியது. அலமாரிக்குள் பிணம் என்றார் பள்ளுருத்தி ஆட்டோக்காரர். பூ விற்கும் நீலாம்பாள் ஒரே போடாகப் போட்டாள்: மடித்த புடவை, அலமாரியில் வேறென்ன இருக்கும்?

(கட்டுரை மூளை ஒரு பத்தி கேட்கிறது, கொடுத்துத் தொலைக்கிறேன். இந்தப் படங்களில் அர்த்தம் ஒளித்துவைக்கப்படவில்லை. எடுத்தவர்கள் சம்பந்தமில்லாத இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, நமக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அது நடக்க எங்களுக்கு ஒரு சாயா தேவைப்பட்டது.)

விளக்கணையும் முன்பே எல்லோரும் இடம் பிடித்துவிட்டார்கள். ஸ்வர்ணலதாவின் கண்களில் ஒரு...

[வேண்டாம். கண்ணைப் பற்றி எழுதினால் அழவைத்துவிடுவேன்.]

அலமாரி திறந்தது. உள்ளிருந்து ஒரு படகு, மட்டாஞ்சேரிப் பேச்சில் வஞ்சி, மிதந்து அறைக்குள் வந்தது. கூட்டம் திகைக்கும் என்று காத்திருந்தேன்.

"இதிலே என்ன அதிசயம்? நம்ம பின்வாசலைத் தொறந்தாலும் வஞ்சிதானே வரும்," என்றார் மாமா.

கோடவுனே சிரித்தது. நானும்தான்.

5

முடிவு அ: மாமா சாவியைத் தருகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். திகட்டுகிறது.

முடிவு ஆ: மறுக்கிறார். இதை எழுதினால் ஸ்வர்ணலதா என்னோடு பேசமாட்டாள்.

நடந்தது இது. மாமா அவளைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். சாவியை அவள் கையில் வைத்தார்.

"நீயே தொற. அதிசயம் இருந்தாச் சொல்லு."

பூட்டு திறந்துகொண்டது. அவள் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பின்னால் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறோம்.

விளக்கைப் போடுகிறேன். இடைவேளை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று ஒரு சாயா குடித்தபடி சண்டை போடுங்கள். திறக்க வேண்டியது நீங்கள்தான். மாமாவின் நிபந்தனை மட்டும் உங்களுக்கும் உண்டு: திரும்பி வந்து உட்கார வேண்டும்.