பலகையில் இருபத்தைந்து நிமிடம்

பொய் சொல்வதுதான் என் உத்தியோகம் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில். ஒழுங்காகச் சுற்றிப் பார்க்க இரண்டு நாள் ஆகும். உள்ளேயே மூன்று ஹோட்டல், ஒரு செயற்கை ஏரி, பதினெட்டு ரைடுகள். ஒவ்வொரு ரைடு வாசலிலும் ஒரு மின்பலகை இருக்கும். 'காத்திருக்கும் நேரம்: 40 நிமிடம்' என்று சிவப்பு எழுத்தில் ஓடும். அந்த எண்ணைப் போடுபவள் நான். எனக்கென்று ஜன்னல் இல்லாத ஓர் அறை, எட்டு கேமரா திரைகள், ஒரு வாக்கி டாக்கி, மே மாதத்திலும் ஸ்வெட்டர் கேட்கும் ஏசி.

உண்மையான நேரம் எங்களுக்கு எப்படித் தெரியும்? வரிசையின் கடைசியில் வந்து நிற்பவர் ஒருவரிடம் வாசல்காரர் ஓர் அட்டையைக் கொடுப்பார். அவர் நகர்ந்து நகர்ந்து ரைடில் ஏறும்போது அதை அங்கே திருப்பிக் கொடுப்பார். இரண்டு முனையிலும் அட்டையைக் கருவியில் காட்டுவார்கள். இடையில் போன நேரம் என் திரைக்கு வந்துவிடும். ஆக என் முன்னால் இரண்டு பத்திகள். ஒன்று 'அட்டை', இன்னொன்று 'பலகை'.

முதலில் இரண்டிலும் ஒரே எண்தான் இருந்தது. அதைப் பிரித்த புண்ணியவதி நான்தான்.

ஒருநாள் கைதவறி நாற்பதுக்குப் பதில் ஐம்பது என்று போட்டுவிட்டேன். கேமராவில் பார்த்தால், நாற்பது நிமிடத்தில் ரைடு ஏறியவர்கள் லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்கிறார்கள். "பார்த்தியா, பத்து நிமிஷம் மிச்சம்!" என்று ஒருவர் மனைவியின் தோளைத் தட்டுகிறார். புகார்ப் பெட்டி அன்று காலி. இதை மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று என் படத்தைச் சட்டம் போட்டு ஊழியர் நுழைவாயிலில் மாட்டினார்கள்.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சமாளி சார்'. கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றால், "சமாளிங்க." டிக்கெட் இயந்திரம் மூன்றில் இரண்டு படுத்துவிட்டது என்றால், "சமாளிங்க." ஆள் கேட்டால், நிழல் கேட்டால், நாற்காலி கேட்டால் அதே பதில்தான். ஆனால் அவருக்கு மூளை இருந்தது. கூட்டிப் போட்டால் ஜனம் சந்தோஷப்படுகிறது என்று நான் கண்டுபிடித்தேன். குறைத்துப் போட்டால் ஜனம் அங்கே போகிறது என்று அவர் கண்டுபிடித்தார். அதன்பிறகு எந்தப் பக்கத்துக் கடையில் கூட்டம் இல்லையோ, அந்தப் பக்கத்து ரைடுக்கு நேரம் குறையும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். யாரும் செத்துவிடவில்லை என்று நானும் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பள்ளி விடுமுறை. பழுதுபார்க்க வேண்டிய இரண்டு பெரிய ரைடுகளை 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று தள்ளிப்போட்டு வந்தார்கள். இரண்டும் சொல்லி வைத்த மாதிரி, கூட்டம் பொங்கி வழிந்த அந்தச் சனிக்கிழமைதான் நின்றன. ஹோட்டல் அறைகளும் தயாராகவில்லை. மதியம் ஒரு மணிக்கு சமாளி சார் போன் செய்தார்.

"லாபியில என்னைக் கிழிச்சுத் தொங்கவிடுறாங்கம்மா. இவங்களை எங்கயாவது அனுப்பியாகணும். பேய் மாளிகை எவ்வளவு?"

"அட்டை எண்பத்திரண்டு காட்டுது சார்."

"பலகையில இருபத்தஞ்சு போடு."

"சார், அங்க வரிசைக்கு மேல கூரை இல்ல. பெயிண்ட் அடிக்கன்னு கழட்டி மூணு வாரம் ஆச்சு. தரை நெருப்பா இருக்கும்."

"சமாளிங்க."

போட்டேன். கேமராவில் பார்க்கப் பார்க்கக் கூட்டம் திரும்பியது. குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், பையைத் தூக்கியவர்கள், எல்லோரும் அந்த எண்ணை நம்பி வேகமாக நடந்தார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் வளைந்து வளைந்து போகும் இரும்புத் தடுப்புகள்தான். பின்னால் ஆள் நெருக்கிவிட்டால் திரும்ப வழியில்லை.

பேய் மாளிகை வாசலில் நின்றவர் விசில் அண்ணன். விசில் ஊதக்கூடாது, விருந்தினர் காதுக்கு இனிமையாக இல்லை என்று நிர்வாகம் பிடுங்கிக்கொண்டு மூன்று வருஷமாகிறது. பெயர் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "தங்கச்சி, பலகையில இருபத்தஞ்சுன்னு இருக்கு. நீதான் போட்டியா, இல்ல உள்ள இருக்கிற பேய் ஏதாச்சும் போட்டுச்சா?"

"மேலிடத்து உத்தரவுண்ணே."

"மேலிடம் எங்க நிக்குது, வெயில்லயா நிழல்லயா?"

இருவரும் சிரித்தோம். எனக்குக் குளிரெடுத்தது. ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டேன்.

இருபது நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். இந்தமுறை சிரிப்பு இல்லை. "குழந்தைங்கல்லாம் அழுவுதுங்க. குடிக்கத் தண்ணி இல்ல. ஒருத்தர் என்னை அடிக்கன்னே சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு நிக்கிறாரு. நம்பரை மாத்தும்மா, வர்றவங்களாச்சும் திரும்பிப் போவாங்க."

"மேலிடத்துல கேக்கணும்ணே."

இன்னும் அரை மணி கழித்து, மூன்றாவது முறை அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "நடுவுல ஒரு பெரியவர் உக்காந்துட்டாரு. வெளிய விடு, வெளிய விடுன்னு கத்துறாங்க. பக்கத்து கேட்டைத் திறக்கட்டுமா?"

பக்கவாட்டுக் கதவைத் திறக்க மேனேஜர் அனுமதி வேண்டும் என்பது விதி. போன் போட்டேன். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுங்கண்ணே, கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

எண்ணை மாற்ற நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பொத்தான் அழுத்தினால் போதும். என் விரல் அதன் மேலேயேதான் இருந்தது. அழுத்தவில்லை.

ஏழு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கதவைத் திறந்தார். உள்ளே இருந்தவர்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். வெளியே இருந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள், திறந்த கதவைப் பார்த்தார்கள், குறுக்குவழி என்று உள்ளே பாய்ந்தார்கள். இரண்டு கூட்டமும் கதவில் மோதியது. மஞ்சள் உடை போட்ட ஒரு பெண் கீழே விழுந்ததைத் திரையில் பார்த்தேன். கேமராவில் சத்தம் வராது. அவள் வாய் திறந்ததும், மணிக்கட்டு மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்ததும் மட்டும் தெரிந்தது.

அப்புறம்தான் பொத்தானை அழுத்தினேன். எண்பது. யாரும் சொல்லாமலே.

பூங்கா மூடியதும் சமாளி சார் என் அறைக்கு வந்தார். "பயப்படாதம்மா. இன்னைக்கு ரிப்போர்ட்ல பலகைப் பத்தியை மட்டும் அச்சடிச்சுக் கொடு. அட்டைப் பத்தி வேண்டாம், பார்க்கிறவங்களைக் குழப்பும்."

"கடைசியில எண்பதுன்னு இருக்கே சார்?"

"கேட்டைத் திறந்து குளறுபடி ஆனதாலதான் எண்பது ஆச்சு. அதுக்கு முன்னாடி வெறும் இருபத்தஞ்சுதான். அவ்வளவு சின்ன வரிசைக்கு அந்த ஆள் ஏன் கேட்டைத் திறக்கணும்? அவரைத்தான் கேக்கணும்."

அச்சடித்துக் கொடுத்தேன். விசில் அண்ணனை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள்.

வீட்டில் என் கணவர் படுத்திருந்தார். ஏசி மெக்கானிக். ஏணியிலிருந்து விழுந்து முதுகு பிடித்து இரண்டு மாதமாகக் கட்டில்தான்.

"என்ன, யார்கூட சண்டை?"

"யார்கூடயும் இல்ல."

"அப்ப எங்கூடன்னு அர்த்தம். சொல்லித் தொலை."

சொன்னேன். கூரையைப் பார்த்தபடியே பேசினார். "நீ வாயைத் திறந்தா உனக்கும் வேலை போகும். திறக்கலைன்னா அவருக்கு மட்டும்தான். கணக்கு அவ்வளவுதான்."

நான் அவருக்கு முதுகில் தைலம் தேய்த்துவிட்டேன். பாதியில், "நான் சொன்னது அசிங்கமா இருக்குல்ல?" என்றார். "முதுகு வலியில சொல்லிட்டேன். நீ உனக்குத் தோணுறதைச் செய்."

எனக்கு என்ன தோன்றியது என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை ஊழியர் நுழைவாயிலில் விசில் அண்ணன் நின்றிருந்தார். சீருடை இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆளே பாதியாகிவிட்ட மாதிரி இருந்தது. வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வந்தாராம். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீ ஒண்ணும் பயப்படாத தங்கச்சி. உன்னைக் கூப்பிட்டேன்னே நான் எழுதல. யாரையும் கேக்காம நானாத்தான் திறந்தேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"ஏண்ணே அப்படி எழுதுனீங்க?"

"வேற என்ன பண்ண? வீட்ல அவரு படுத்துக் கிடக்காரு. நீயும் சேர்ந்து மாட்டணுமா? உன்மேல என்ன தப்பு? அவங்க சொல்ற நம்பரைப் போடற பாவப்பட்ட ஜென்மம் நீ."

அவர் தலைக்கு மேலே சுவரில், சட்டம் போட்ட என் படம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை எதற்கு மாட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. படத்தின் கீழே 'புதுமையான யோசனைக்காக' என்று மட்டும்தான் இருக்கும். "சரிண்ணே" என்றேன்.

புதன்கிழமை காலை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்திருந்தார். ஒரு பக்கம் சமாளி சார். எதிரே விசில் அண்ணன். கையில் மாவுக்கட்டோடு அந்தப் பெண். அச்சடித்த தாள் என்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தப் பெண்தான் முதலில் பேசினார். "இவர் கதவைத் திறந்ததாலதான் விழுந்தேன், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் ஏன் அங்க போனேன்? இருபத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருந்துச்சு. சீக்கிரம் முடிஞ்சிரும்னு என் பொண்ணைச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மணி நேரம் வெயில்ல நின்னோம்."

அதிகாரி தாளைப் பார்த்தார். "இதுல இருபத்தஞ்சுதானே இருக்கு?"

"வெயில்ல நிக்கும்போது நேரம் நீளமாத்தான் தெரியும் மேடம்" என்றார் சமாளி சார், ரொம்பப் பரிவாக. "அதுவும் குழந்தை அழுதுட்டே இருந்தா, பத்து நிமிஷம்கூட ஒரு மணி நேரமாத் தெரியும். எனக்கே அப்படித்தான்."

அந்தப் பெண் தாளைப் பார்த்தார். சமாளி சாரைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டு, "இருக்கலாம்" என்றார் தயங்கி. "எனக்குத்தான் அப்படித் தோணியிருக்குமோ என்னவோ. நான் கடிகாரம் பார்க்கல."

அவர் நின்ற ஒரு மணி நேரத்தை அவரிடமிருந்தே பிடுங்கியாகிவிட்டது. என் கையெழுத்து அதற்குச் சாட்சி.

"இல்லைங்க, உங்களுக்குத் தோணல" என்றேன். "அட்டைக் கணக்கு எண்பத்திரண்டு. பலகையில நான்தான் இருபத்தஞ்சு போட்டேன்."

சமாளி சார் திரும்பிய வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. "உடம்பு சரியில்லையாம்மா உனக்கு?"

"இவர் என்னை மூணு தடவை கூப்பிட்டாரு மேடம். நம்பரை மாத்தச் சொன்னாரு. கேட்டைத் திறக்கலாமான்னு கேட்டாரு. நான்தான் பதில் சொல்லல."

"யாரையும் கேக்கலைன்னு எழுதியிருக்காரே?" என்றார் அதிகாரி.

"என்னைக் காப்பாத்த எழுதினாரு."

சமாளி சார் சட்டென்று நிதானத்துக்கு வந்துவிட்டார். சமாளிப்பதில் மன்னன். "மேடம், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நேரத்தை மாத்திப் போடற இந்த யோசனையே இவங்களோடதுதான். இதுக்காகத்தான் இவங்களுக்குப் பரிசு கொடுத்தோம். நுழைவாயில்ல படம்கூட மாட்டியிருக்கு."

"அப்படியா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"ஆமா மேடம்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த விசில் அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கூட்டத்தில் தெரிந்த ஆள் என்று நினைத்துத் தோளைத் தொட்டபிறகு, அது வேறு யாரோ என்று தெரிந்தால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தார்.

விசில் அண்ணனின் சஸ்பெண்ட் ரத்தானது. பொய் வாக்குமூலம் எழுதியதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. என்னைத் தொலைந்த பொருள் கவுன்டருக்கு மாற்றினார்கள். தொப்பி, ஒற்றைச் செருப்பு, பால்புட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். சமாளி சாரை வேறொரு பூங்காவுக்கு அனுப்பினார்கள், இன்னும் பெரிய பதவியில். பலகைகளில் இப்போது எண்ணே கிடையாது. 'மகிழ்ச்சியாகக் காத்திருங்கள்' என்று மட்டும் ஓடுகிறது. பேய் மாளிகைக்கு இன்னும் கூரை போடவில்லை.

விசில் அண்ணன் வேலைக்குத் திரும்பிய அன்று, சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் இருவரும் தனியாக நிற்க நேர்ந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லி வீட்ல சொன்னாங்க. வரமாட்டேங்குது."

"வேண்டாம்ணே."

"யோசனை உங்களோடதுன்னு தெரிஞ்சப்பக்கூட, சரி, மனுஷங்கதானே, தெரியாம ஆரம்பிச்சிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணாவது தடவை கூப்பிட்டேனே, அப்ப உங்க கை எங்க இருந்துச்சு?"

போனில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான்.

"பொத்தான் மேல இருந்துச்சுண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பேருந்து வந்தது. கூட்டம் இல்லை. அவர் ஏறிப் படியில் நின்று, "வரலியா?" என்றார்.

"நீங்க போங்கண்ணே."

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.