ஈரம் படாத மூட்டைகள்

கொரோக்கா மலைகளில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் கைப்பிள்ளையைப் பின்னல் பையில் போட்டுக் கிளையில் மாட்டிவிடுவார்கள். அழுதால் போய்ப் பார்ப்பார்கள். அழாவிட்டால் கை பறித்துக்கொண்டே இருக்கும். தபிதாவின் மகன் நேற்றெல்லாம் காய்ச்சலில் தோட்டமே அதிர அழுதான். இன்று காலையிலிருந்து சத்தமில்லை.

"காய்ச்சல் விட்டிருச்சு போல." தபிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தாற்போலிருந்தது.

"நேத்து அவன் போட்ட சத்தத்துல எலிகூட இந்தப் பக்கம் வரலடி," என்று அடுத்த வரிசையில் மெரூமா சிரித்தாள்.

மதியம் பால் கொடுக்கப் போனபோது பிள்ளை வாய் வைக்கவில்லை. கண் மேலே செருகியிருந்தது, ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. பையோடு தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு ஓடினாள்.

கம்பவுண்டர் சைலஸ் பிள்ளையின் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். உச்சிக்குழி புடைத்துக்கொண்டு நின்றது.

"இதைக் கழட்டிப் பாக்கவே இல்லையா?"

"குளிருக்குக் கழட்டுறதே இல்லண்ணே. அழுகைய நிறுத்தினதும் தேவலையாயிருச்சுன்னு..."

"தெம்பில்லாமத்தான் நிறுத்தியிருக்கான். மூளைக் காய்ச்சல், தங்கச்சி. இங்க ஊசி தீந்துபோச்சு. போன மாசமே எழுதிப் போட்டேன், வரல. இப்பவே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ."

போவதற்கு இருந்தது காப்பி லாரி ஒன்றுதான். மூட்டை ஏற்றி முடியும்வரை பிள்ளையோடு நின்றாள். முன்னால் டிரைவரும், வழிப்பறிக்குப் பயந்து வைத்த இரண்டு காவல்காரர்களும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால், தார்ப்பாய் போர்த்திக் கட்டிய மூட்டைகளின்மேல் கங்காணியோடு ஏறினாள். பாதி மலை இறங்குமுன் மழை பிடித்துக்கொண்டது.

"அண்ணே, தார்ப்பாய் ஓரத்தக் கொஞ்சம் அவுத்து விடுங்க, பிள்ள நனையுது!"

"நனைஞ்ச காப்பிய மில்லுல எடுக்க மாட்டான்மா," கங்காணி காவோ மூட்டைகளின்மேல் நனைந்தபடியே கத்தினான். "எனக்கும் மூணு பிள்ள இருக்கு. கோச்சுக்காத."

அவள் பையின்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டாள்.

டவுனுக்கு வெளியே மில் வாசலில் லாரி நின்றது. கேட்டைச் சாத்துமுன் சரக்கை இறக்கிவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான் டிரைவர். மில்காரன் ஒரு மூட்டையைப் பிரித்து, முழங்கைவரை கையை விட்டுத் துழாவினான்.

"பொட்டு ஈரமில்ல," என்றான். "இறக்குங்க."

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, தபிதாவும் பைக்குள் கையை விட்டாள்; பிள்ளையின் நெஞ்சு அசையவில்லை. விட்ட கையை அவள் வெளியே எடுக்கவில்லை.